ஈ உட்கார்ந்திருந்த பன்னிரண்டு நிமிடம்

என் அண்ணன் ஆறு வருடமாக என்னிடம் ஓர் ஈயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். கனடாவிலிருந்து பேசும்போதெல்லாம் பிள்ளைகளின் படிப்பு, அங்கத்தைய குளிர், என் பிரஷர் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு அதற்கு வருவான். "அந்த ஈய ஏன் ஒருத்தரும் வெரட்டல?" அம்மாவின் செத்த வீட்டில், பெட்டியை மூடுவதற்கு முன், அம்மாவின் நெற்றியில் உட்கார்ந்திருந்த ஈ. "யாரும் கவனிக்கலண்ணே" என்பேன். அது பொய். அந்தப் பொய்யை நான் நாக்குக்கு அடியில் மிட்டாய் மாதிரி வைத்திருந்தேன்.

என் கணவர் மாத்தளை டவுனில் கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் கேமராவோடு நிற்பார். எந்தக் கேமராவின் படம் எப்போது வெளியே போக வேண்டும் என்று மேசையில் உட்கார்ந்து நான் முடிவு செய்வேன். இப்போது எவரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நேரலை போட்டுவிடலாம். எங்களிடம் இருப்பதோ முப்பது வருடப் பழைய சாமான். கொழும்பில் ஒரு ஸ்டூடியோவை மூடியபோது இவர் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்: மஞ்சளித்துப்போன ஒரு வீடியோ கம்ப்யூட்டர், ஒரு மிக்சர், மூன்று கேமராக்கள், பெயர் தெரியாத பெட்டிகள் சில. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. மணமக்கள் பெயரைத் திரையில் காட்டுவதற்கு ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக நானே வரைந்து வைத்திருக்கிறேன். 'ஞ' வரைய ஒரு முழுப் பகல் போனது.

அந்தச் சாமானுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மூன்று கேமராவும் ஒரே தாளத்தில் படம் அனுப்ப வேண்டும். ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற மாதிரிதான். ஒருத்தி பிந்தினால் எல்லாருடைய கையும் போச்சு. தாளம் தவறினால் படம் கிழியும், மேலும் கீழுமாக உருளும், கம்ப்யூட்டர் போட்ட எழுத்து நடுங்கும். ஆகவே முதல் கேமரா தாளம் கொடுக்கும். மற்ற இரண்டின் படங்களும் ஆளுக்கொரு பெட்டிக்குள் போய், ஒரு கணம் அங்கே காத்திருந்து, சரியான நேரத்தில் வெளியே வரும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பிடிப்பெட்டி. சூடு ஏற ஏற அது நழுவத் தொடங்கும். பக்கத்திலேயே இருந்து குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்தவள் எழும்ப முடியாது.

பிடிப்பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஃப்ரீஸ். அமுக்கினால் கடைசியாக வந்த படம் அப்படியே நிற்கும். கேமராவை இடம் மாற்றும்போதும், வயரைக் கழற்றிப் போடும்போதும் அமுக்குவோம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. மணப்பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்றே நினைப்பார்கள்.

நான் அதை வேறு வேலைக்கும் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்கா என்னைப் பார்த்து, "இந்தப் பொம்பளைக்கு இந்த மெசின் எல்லாம் வெளங்குமா?" என்று என் காதுபடக் கேட்டாள். பந்தியில் அவள் வாய் திறந்து சோற்றைத் திணிக்கும் நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினேன். மண்டபத்துப் பெரிய டீவியில் மூன்று நிமிடம் திறந்த வாயோடு இருந்தாள். இவர் வயர் பழுது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஆகவே என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

அம்மா கராம்பும் மிளகும் தரம் பிரிக்கும் ஸ்டோரில் வேலை செய்தவள். ஒரு நாள் சாக்கின் மேலேயே சரிந்தாள். வலது பக்கம் விழுந்துபோனது. அதன் பிறகு நாலு வருடம் கிடையில். நான்தான் பார்த்தேன். குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன், துணி மாற்றினேன், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட்டேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோலில் வருவான். "முதுகுல புண்ணு வராம பாத்துக்க. இப்புடி இல்ல, அந்தப் பக்கமா பெரட்டு. தலகாணி ஒன்ன கால் நடுவுல வையி." எங்கேயோ பார்த்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுப்பான். அந்தக் கோலுக்காக அம்மா சனிக்கிழமையே முகம் தெளிந்துவிடுவாள். கைபேசியை நீட்டினால் கோணிய வாயோடு சிரிப்பாள். நான் ஊட்டப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவளுக்கு மிஞ்சியது நாலைந்து சொல்தான். தண்ணி, வேணாம், வலிக்குது, அப்புறம் அவன் பெயர். என் பெயர் அதில் இல்லை. நாலு வருடம் என் கையால் சாப்பிட்ட வாய் அது. ஒரு தரம் ஆத்திரத்தில் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கூப்புடு, ஒன் மகன் வந்து ஊட்டுவான்" என்றேன். அவள் உண்மையாகவே கூப்பிட்டாள்.

அம்மா ஒரு காலையில் போய்ச் சேர்ந்தாள். அண்ணனால் வர முடியவில்லை. அவனுடைய கனடாப் பேப்பர் அப்போது சரியாகவில்லை. வெளியேறினால் திரும்ப உள்ளே போக முடியாது. அது சாட்டில்லை, எனக்குத் தெரியும். போனில் மாடு மாதிரிக் கதறினான். நானும் அழுதேன். கதறி முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டளை போட ஆரம்பித்தான்.

முதல் கட்டளை: யாரும் பிணத்துக்கு முன்னால் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, அசிங்கமாக இருக்கிறது. இரண்டாவது: "ஒங்க பழைய சாமான்லயே போடுங்க, அதுலதான் ஆடாம அசையாம வருது. மூணு கேமராவும் வையிங்க. ஒன்னு அம்மா மொகத்துக்கு மட்டும். கடைசி வரைக்கும் நான் அம்மா மொகத்தப் பாக்கணும். வேற ஒன்னும் கேக்கல தங்கச்சி, கடைசி வரைக்கும் மொகம்." மூன்றாவது கட்டளை அடக்கத்தன்று வந்தது. "சத்தத்த நிப்பாட்டு. தப்புச் சத்தத்துக்குப் புள்ளைங்க பயப்படுதுங்க. படம் மட்டும் போதும்." பாட்டி செத்ததற்குப் பயப்படாத பிள்ளைகள் தப்பு மேளத்துக்குப் பயந்தார்கள். சத்தத்தை நிப்பாட்டினேன்.

முதல் கேமரா வாசல் கேட்டடியில், ஆளில்லாமல், தாளம் கொடுத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது அம்மாவின் தலைமாட்டில், அதில் இவர். மூன்றாவது ஹோலில் உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்தபடி. கேமராக்களில் டேப் போடுவதில்லை. மேசையிலிருந்து ஒரு லேப்டாப் வழியாகக் கனடாவுக்குப் போவது எதுவோ அதுதான் பதிவு. மேசையைப் போட இடமில்லாமல், அம்மா கிடந்த அறையிலேயே கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போட்டோம். அறையில் இன்னும் தைலமும் மூத்திரமும் மணத்தது. பெற்ற மகள், இரண்டு நாளாக அம்மாவை மொனிட்டரில் பார்த்துக்கொண்டு குமிழ் திருகிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழ என்னைத் தேடினார்கள்; திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாய்க்கரிசிக்கு நேரமானது. சித்தப்பா மகன் அண்ணனுக்குப் பதிலாகக் கருமம் செய்தான். ஆண்கள் ஒவ்வொருவராக அரிசி போட்டார்கள். அண்ணன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சடங்கு நடத்திய பண்டாரம் பெண்களைக் கூப்பிட்டார். சித்தி திரைச்சீலையை விலக்கினாள்.

"என்னா புள்ள இன்னும் ஒக்காந்திருக்க? ஒரே பொம்பளப் புள்ள நீ. ஒனக்காகத்தான் நிக்கிறாங்க."

"எழும்பினா படம் ஒடஞ்சிரும் சித்தி. அண்ணே பாத்துக்கிட்டு இருக்காரு."

"அவன் பாக்குறது இருக்கட்டும். அவள நீ பாக்க வேணாமா?"

மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. கேட்டோடு சரி. இந்த அரிசியை விட்டால் எனக்கு வேறொன்றும் கிடையாது. பொத்தானை அமுக்கினேன். மொனிட்டரில் அம்மாவின் முகம் அப்படியே நின்றது. எழும்பிப் போனேன். அதுவரைக்கும் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான் செய்வோம். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து விடுவித்துவிடுவோம்.

அரிசி போட்டேன். அம்மாவின் உதடு மரக்கட்டையாக இருந்தது. மூன்று தரம் போட வேண்டும், போட்டேன். திரும்ப வேண்டிய நேரம் அது. அப்போது அறைக்குள் மேசைப் பலகையில் என் கைபேசி அதிர்ந்தது. திரைச்சீலையைத் தாண்டி எனக்குக் கேட்டது. அவன்தான். வேறு யார்? நின்றது, மறுபடி அதிர்ந்தது. கேமரா ஏன் அசையவில்லை, அதைக் காட்டு, இதைக் காட்டு, அந்தப் பக்கமாகப் புரட்டு என்றுதான் இருக்கும். நான் அம்மாவின் தலைமாட்டிலேயே நின்றேன். காதோரம் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். இவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "மேசைக்குப் போகலியா?" என்று கண்ணால் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் படம் வெளியே போகிறது என்ற நம்பிக்கையில் ஒழுங்காக எடுத்துக்கொண்டே இருந்தார்.

'படத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கட்டும்' என்று நினைத்தேன். இந்தச் சொற்களிலேயே நினைத்தேன். நாலு வருடம் அம்மா அவனைப் பார்த்தாள். இந்தக் கொஞ்ச நேரமாவது அவளை நான் மட்டும் பார்ப்பேன். சித்தி போட்டாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் போட்டார்கள். பெட்டி கொடுத்த மலர்ச்சாலைக்காரர்கள் மூடியைக் கொண்டு வந்தார்கள். நாலு திருகாணியையும் முறுக்கி முடிக்கும்வரை நான் அசையவில்லை. கைபேசி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. தூக்கினார்கள். கேட்டுவரை போனேன், அங்கே பெண்களோடு நிறுத்தப்பட்டேன். தப்புச் சத்தம் மயானமிருக்கும் அலுவிகாரைப் பக்கமாகத் திரும்பிய பிறகுதான் உள்ளே வந்தேன்.

மொனிட்டரில் அம்மாவின் முகம் இருந்தது. நெற்றிப் பொட்டுக்கு மேலே ஓர் ஈ. நான் அமுக்கிய அந்தக் கணத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். நான் அரிசி போட்டபோது அங்கே ஈ இல்லை, சத்தியமாக இல்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய பிடிப்பெட்டி ஒரு படத்தை இரண்டு பாதியாகப் பிடிக்கும். ஒன்று விட்டு ஒன்றாக வரிகள் முதலில், இடையில் உள்ள வரிகள் பிறகு. அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் அசைந்த பொருள் எதுவானாலும், படம் உறைந்த பிறகும் இரண்டு இடத்துக்கும் மாறி மாறித் துடித்துக்கொண்டே இருக்கும். அம்மாவின் முகம் கல்லாக இருந்தது. ஈயின் கால்கள் மட்டும் துடித்தன. பார்க்கிற எவரும் அது உயிரோடு அங்கே உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

கைபேசியில் பத்தொன்பது தவறிய கோல். கீழே செய்திகள். 'ஈ.' 'அம்மா நெத்தில ஈ.' 'யாராச்சும் வெரட்டுங்க.' 'தங்கச்சி ப்ளீஸ்.' பொத்தானை அமுக்கியதிலிருந்து பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது. முதல் கேமராவுக்கு மாற்றினேன். கேட்டடியில் தெருவில் பொரி சிந்திக் கிடந்தது. கடைசி வரைக்கும் அம்மா முகத்தைக் காட்டிவிட்டுத் தெருவுக்கு வந்ததாக அவன் நினைத்துக்கொண்டான்.

அன்று பின்னேரம் பேசினான். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவன் திட்டவில்லை.

"ஆம்பளைங்க போட்டாங்க, பாத்தேன். அதுக்கப்புறம் ஒரு கை கூட வரலியே தங்கச்சி. எல்லாரும் வெளிய போயிட்டாங்களா? அம்மாவும் ஈயும் மட்டும்தான் இருந்தாங்க. நீ கூட வரலியே. நீ வாய்க்கரிசி போடல, இல்ல?"

போட்டேன் என்று சொன்னால், 'எப்போது? எனக்கு ஏன் தெரியவில்லை?' என்பான்.

"பரவால்ல" என்றான் அவன். "நாலு வருஷம் பாத்து ஒனக்கு வெறுத்துப்போயிருக்கும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒன்ன காட்டிக் குடுக்க மாட்டேன்."

என்னை மன்னித்துவிட்டான்! அதற்குப் பிறகு ஆறு வருடமும் அந்த மன்னிப்பு கோலுக்குக் கோல் வந்தது. முதலில் பயத்தில் உண்மையைச் சொல்லவில்லை. பிறகு பயம் போய்விட்டது. அவன் ஈயைப் பற்றிக் கேட்டு வருந்தும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி ஓடத் தொடங்கியது. அந்தக் குளிர்ச்சிக்காகவே சொல்லாமல் இருந்தேன். நீ என்னை மன்னித்துக்கொண்டே இரு, நீ மன்னிப்பது ஒரு பொத்தானை, என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன்.

இந்த வருடம் பேப்பர் சரியாகி வந்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள். சீகிரியாவில் நீச்சல் குளம் உள்ள ஓட்டலில் நாலு நாள். எங்கள் வீட்டுக்கு அரை நாள். வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன். மனைவி பிள்ளைகளை வாசலில் நின்ற வேனுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அவன் மட்டும் அம்மாவின் அறைக்குள் வந்தான். கட்டில் அதே சுவரோரம், மேசையும் சாமானும் அதே இடம். தலை நரைத்து, வயிறு வைத்து, மொனிட்டருக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கைகட்டி நின்றான்.

"ஒன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றான். "அன்னைக்குக் கோல் பண்ணிப் பாத்தேன், ஊதிப் பாத்தேன், பைத்தியக்காரன் மாதிரி. டீவிய ஊதினா ஈ போகுமா? அப்புறம் கிட்டப் போயி அந்த ஈய கையால மறச்சேன். புள்ளைங்க பாக்க வேணாம்னுதான் மறச்சேன். கண்ணாடி சூடா இருந்துச்சு. அம்மா நெத்தி சூடா இருக்குற மாதிரியே இருந்துச்சு தங்கச்சி. கைய எடுக்கவே இல்ல. நீ தெருவக் காட்டுற வரைக்கும் அம்மா நெத்தியில கை வச்சுக்கிட்டுத்தான் நின்னேன். பெட்டிய மூடுற வரைக்கும் நான் கூட இருந்தேன். யாரு விட்டுட்டுப் போனாலும் நான் போகல. அது ஒன்னுதான் எனக்கு."

அவன் அழுதான். என்னைத் தொட வந்தான். "நீ போடலன்னாலும் பரவால்ல. நான் இருந்தேன்ல."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆறு வருடம் மூடியிருந்த வாய் அது. இன்னும் அரை மணித்தியாலம் மூடினால் அவன் வேனில் ஏறியிருப்பான். ஆனால் அந்த 'நீ போடலன்னாலும்' என்னை விடவில்லை. நான் மேசைக்குப் போய்ச் சாமானைப் போட்டேன். சூடேறி எழும்ப நேரம் எடுத்தது. மூலையில் நின்ற கேமராவை அவன் முகத்துக்குத் திருப்பினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ நினைவாகப் படம் எடுக்கிறேன் என்று எண்ணி, மொனிட்டரைப் பார்த்து லேசாகச் சிரித்தான். கண் இமைத்தான். பொத்தானை அமுக்கினேன்.

மொனிட்டரில் அவன் முகம் நின்றது. இமை மட்டும் துடித்தது.

"கைய ஆட்டுங்கண்ணே" என்றேன். ஆட்டினான். மொனிட்டரில் கை இல்லை. தலையைச் சாய்த்தான். மொனிட்டரில் முகம் நிமிர்ந்தே இருந்தது. இமை துடித்துக்கொண்டே இருந்தது.

"அந்த ஈயும் இப்புடித்தான். நான் அமுக்கிட்டு எழும்பிப் போயி அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டேன். மூணு தரம் போட்டேன். சித்தியக் கேளுங்க. நீங்க கோல் எடுத்தது எனக்குக் கேட்டிச்சு. வேணும்னுதான் வரல."

அவன் மொனிட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அம்மா?"

"மூடிட்டாங்க. நீங்க கை வச்சிருந்த நேரம் ஆணி முறுக்கியாச்சு."

"அப்ப நான் யாரு நெத்தியில கை வச்சிருந்தேன்?"

"டீவி மேல" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வலது கையை ஒரு தரம் விரித்துப் பார்த்துவிட்டுக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான். அவ்வளவுதான். வாசலில் மனைவி நேரமாகிறது என்று கூப்பிட்டாள். செருப்பு மாட்டும்போதும், வேன் கதவைத் திறக்கும்போதும் அவன் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. இடது கையால் திறந்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. வேன் தெருமுனை திரும்பும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. உள்ளே வந்தபோது மொனிட்டரில் அவன் முகம் இன்னும் நின்றுகொண்டிருந்தது, சிரித்தபடி, இமை துடிக்க. ஓடிப்போய்ச் சாமானை அணைத்தேன்.

இப்போது அவன் என் கைபேசிக்குப் பேசுவதில்லை. இவருடைய கைபேசிக்குப் பேசுவான், இவரைச் சுகம் விசாரிப்பான், வைத்துவிடுவான். ஈயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மேசையில் உட்காரும்போது நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், போட வேண்டாம் என்றாலும் வருகிறது. அரிசி போட்டபோது என் விரல் அம்மாவின் உதட்டில் பட்டது மூன்று தரம், தரத்துக்கு ஒரு விநாடி. முடியை ஒதுக்கியது இன்னொரு விநாடி. மிச்ச நேரம் முழுவதும் நான் அவளைப் பார்க்கவே இல்லை. அறைக்குள் அதிர்ந்த கைபேசியைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.